சிலையின் மூக்கு

காலையில் மாகாண அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார்.
"சவுன், சிமென்ட் வேலை இருக்கிறது.
நட்புச் சிலையை ராத்திரி யாரோ உடைத்துவிட்டார்கள்.
நாளுக்கு ஏழாயிரம் ரியெல்.
மூக்குக்கென்று தனியாக எதுவும் கிடையாது."

யாரோ.
அந்தச் சொல்லைச் சுத்தியலோடு சேர்த்துப்
பையில் போட்டுக்கொண்டேன்.

மரக்காலோடு மூங்கில் சாரம் ஏறுவது பழகிய வேலைதான்.
மேலே மூன்று பேர்:
வியட்நாம் சிப்பாய், எங்கள் சிப்பாய்,
பிள்ளையை ஏந்திய ஒருத்தி.
அவளை யாரும் தொடவில்லை.
எங்களவன் தோளில் ஒரு கீறல், கைதவறிப் பட்டது.
மற்ற அடியெல்லாம் அந்த ஒருவனுக்கு.
பதினோரு அடி.
எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை எனக்கு.

எழுபத்தெட்டு முடிகிற வாரம்
கால்வாய்க் குழியில் கிடந்தேன்.
மண்வெட்டியைத் தூக்க முடியாதவனை
மண்வெட்டியாலேயே முடித்துவிடுவார்கள்.
அன்று கஞ்சி ஊற்றும்போது
என் தட்டைத் தாண்டிப் போனது அகப்பை.
புரிந்தது.
ராத்திரி கிழக்கே இடி இடித்தது,
மழைக்காலமே இல்லை.
விடிந்தபோது காவலுக்கு ஆளில்லை.
பச்சைத் தொப்பி போட்ட ஒரு பையன்,
மீசைகூட முளைக்காதவன்,
தண்ணீர்க் குடுவையை என் வாயில் சாய்த்தான்.
அவன் பேசியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.
அவன் இனத்தை வெறுக்கத்
தொட்டிலிலேயே கற்றிருந்தேன்.
வெறுப்போடு சேர்த்துத்தான் விழுங்கினேன்
அந்தத் தண்ணீரை.

எல்லை தாண்டியது குற்றம் என்று
தூரத்து மண்டபம் ஒன்றில் கை தூக்கினார்களாம்.
எங்கள் நாட்டு நாற்காலியை
என் தட்டைத் தாண்டிப் போனவர்களுக்கே
வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்தார்களாம்.
ரேடியோவில் கேட்டேன்.
எல்லைக்கோட்டுக்கு வலித்திருக்கும், பாவம்.

ஆனால்
தண்ணீர் கொடுக்க வந்த படை
திரும்பிப் போகவில்லை.
ஒரு மழைக்காலம், இன்னொன்று, ஆறு.
எண்பத்தைந்தில் எங்களை லாரியில் ஏற்றினார்கள்,
தாய்லாந்து எல்லையில் காடு வெட்ட.
பெயர் வாசித்தவன் எங்கள் ஆள்.
பட்டியல் எந்த மேசையிலிருந்து வந்தது என்று
ஊருக்கே தெரியும்.
என் தம்பி போன்லொக்
குளிர்காய்ச்சலில் நடுங்கி
ஒன்பதாம் நாள் அடங்கினான்.
என் காலை ஒரு புதரில் விட்டுவந்தேன்.
கண்ணி வைத்தது இவர்களா,
இவர்களை எதிர்த்தவர்களா?
வெடி எந்த மொழியிலும் பேசவில்லை.

தேநீர்க் கடையில் வாத்தியார் வன்னாக் சொல்வார்:
"அவர்கள் தங்கள் வீட்டைக் காக்க வந்தார்கள்,
உன்னை அல்ல."
தெரியும், வாத்தியாரே.
மூன்று வருஷம் நாங்கள் செத்த சத்தத்தை
அடுத்த தெரு நாய்ச் சண்டைபோல் கேட்டிருந்தார்கள்.
தங்கள் ஊர் எரிந்த பிறகுதான் எழுந்தார்கள்.
ஆனால் நீங்கள் அப்போது பாரிசில் இருந்தீர்கள்.
குழிக்குள் கயிறு விழுந்தால்
யார் வீட்டுக் கயிறு என்று பார்ப்பதில்லை.
மேலே ஏறின பிறகுதான் பார்க்கிறோம்,
அது இன்னும் இடுப்பில் கிடப்பதை.

நேற்று ராத்திரி பையன்கள் கூட்டமாக வந்து
சுத்தியலைத்தான் கேட்டார்கள்.
கொடுத்து அனுப்பியிருக்கலாம்.
நானும் வருகிறேன் என்றேன்.
முதல் அடி போன்லொக்குக்கு.
மற்றவை எதற்கென்று
கை சொல்லவில்லை.

இப்போது கரண்டியில் கலவையோடு
அந்த முகத்துக்கு முன்னால் நிற்கிறேன்.
குடுவை ஞாபகம் இருக்கிறது, அதன் நசுங்கல்கூட.
மூக்கு ஞாபகம் இல்லை.
சின்னதாக, கொஞ்சம் சப்பையாக வைத்தேன்,
பதினெட்டு வயசுக்கு எவ்வளவோ அவ்வளவு.
கீழிருந்து அலுவலகத்து ஆள் கத்தினார்:
"முன்னே இருந்தது பெரிசு!"
"இல்லை ஐயா, இவ்வளவுதான்."

புதுப் பூச்சு வெடிக்காமலிருக்க
ஏழு நாள் நனைக்க வேண்டும்.
வாளியோடு ஏறி, குவளையால்
நெற்றியிலிருந்து ஊற்றுகிறேன்.
மூக்கில் இறங்கி
உதட்டில் நின்று சொட்டுகிறது.
தேர்தல் வந்தால் மறுபடி உடைப்பார்கள்.
அப்போதும் சுத்தியல் கேட்டு வருவார்கள்,
என்ன சொல்வேனோ தெரியாது.

நாளைக்கும் ஏற வேண்டும்.
தண்ணீர் ஊற்றுவது கூலியில் சேராதாம்.